வீட்டுக்குள் வரும் பிளாஸ்டிக்கும் வீட்டுக்குப் பின் எழும் புகையும்

மாலை ஐந்து மணிக்கு மேல் நம் தோட்டங்களுக்குள் செல்வோர் ஒரு காட்சியைக் காணாமல் திரும்புவது அரிது. பால் நிறுவை முடிந்து வந்தவர்கள் களைப்பாறிக்கொண்டிருப்பர்; பிள்ளைகள் திடலில் பந்து விளையாடிக்கொண்டிருப்பர்; லயத்தின் பின்புறத்தில் எங்கேனும் ஒரு சிறு குவியல் எரிந்துகொண்டிருக்கும். அதிலிருந்து எழும் புகை விறகுப் புகையைப் போன்றதன்று. அது கரியது; தொண்டையைக் கவ்வும் காரநெடி உடையது.

கூலிம் வட்டாரத்துத் தோட்டமொன்றில் அத்தகைய குவியலின் அருகே சில மாதங்களுக்கு முன் நின்றேன். அதை மூட்டியவர் எழுபது வயதைக் கடந்த மூதாட்டி. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். "ஏன் பாட்டி, இதைப் போய் எரிக்கிறீர்களே?" என்று வினவினேன். "எரிக்காம எங்கய்யா போடறது? குழியில போட்டா நாய் இழுக்குது. வாய்க்கால்ல போட்டா மழைக்குத் திரும்பி வாசலுக்கே வருது. இந்தச் சனியன் மக்கியும் தொலைய மாட்டேங்குது" என்றார். அவருடைய பேரனுக்கு இழுப்பு நோய் உண்டு. மருத்துவமனையில் கொடுத்த மருந்துக் குழலை வாயில் வைத்து உறிஞ்சியபடி அவன் சன்னல் அருகில் அமர்ந்திருந்தான். அந்தச் சன்னலுக்கும் நெருப்புக்கும் இடையே பத்தடி தூரங்கூட இல்லை.

பாட்டியின் கேள்வி நியாயமானது. "எரிக்காதீர்கள், வீசாதீர்கள்" என்று சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போவது எளிது. எரிக்காமல் எங்கே போடுவது என்னும் வினாவுக்கு விடை கூறாத அறிவுரையால் பயனில்லை. ஆகவே இக்கட்டுரையில் முதலில் குவியலைக் கிளறிப் பார்ப்போம்.

ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் எளிதில் போவதில்லை. நெருப்புப் பிடிக்காதிருந்த பகுதியை ஒரு குச்சியால் பரப்பி எண்ணினேன். மளிகைக் கடையிலும் இரவுச் சந்தையிலும் கொடுக்கும் மெல்லிய பைகள் பதினான்கு இருந்தன. தேநீரும் கறியும் கட்டி வாங்கிய சிறு பைகள் ஆறு. மூன்று கலவைக் காப்பித் தூள் உறைகள், மீ பொட்டலங்கள், பிஸ்கட் உறைகள், சலவைத் தூள் பை, மானிய விலையில் விற்கப்படும் ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலங்கள் மூன்று, சோறு வாங்கிய வெண்ணிற நுரைப் பெட்டிகள் இரண்டு, பேரக் குழந்தையின் இடைக்கச்சைகள் சில. இவற்றுடன் மீன் செதிலும் காய்கறித் தோலும் சோறும் ஒன்றாய்ப் பிசைந்து கிடந்தன. இது ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தின் நான்கு நாள் குப்பை.

இவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை அந்த வீட்டில் அரைமணி நேரங்கூடப் பயன்படவில்லை. கடையிலிருந்து அடுப்படிவரை வந்ததோடு அவற்றின் வேலை முடிந்துவிட்டது.

முன்பு எப்படி வாங்கினோம்

ஐம்பது, அறுபது வயதினருக்கு இது கதையன்று, கண்ட வாழ்க்கை. காப்பிக் கடையில் காப்பி கட்டி வாங்க வேண்டுமானால், வெறும் பால் டின்னின் வாயில் கயிறு கோத்து அதில் ஊற்றித் தருவார்கள். பிரட்டிய மீயைப் பாக்கு மட்டையிலோ வாழை இலையிலோ வைத்து, மேலே செய்தித்தாள் சுற்றிக் கட்டுவார்கள். பட்டணத்துச் சந்தைக்குச் செல்லும் அம்மாக்களின் கையில் பிரம்புக் கூடை இருக்கும். மண்ணெண்ணெய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும் போத்தலை வீட்டிலிருந்தே கொண்டு போக வேண்டும். வெட்டுக்காட்டுக்குப் போகிறவர்கள் பசியாறத் தூக்குச் சட்டியில் எடுத்துச் சென்றார்கள். சம்பளம் போட்டு இரண்டு வாரத்தில் காசு தீர்ந்து, தோட்டத்துக் கடையில் கடன் எழுதி வாங்கிய காலம் அது. ஆகவே அக்காலத்தைப் பொற்காலம் என்று நான் கூறவில்லை. எனினும் அன்றைய லயத்துக் குப்பைக் குழியில் போட்டவை பெரும்பாலும் ஆறு மாதத்தில் மண்ணாயின.

பிளாஸ்டிக்கை (இப்போது பள்ளிப் பிள்ளைகள் 'நெகிழி' என்கிறார்கள்) ஒட்டுமொத்தமாகப் பழிப்பதும் நன்றி கெட்ட செயலாகும். லயத்து வாசல் வரை குழாய்நீர் வந்ததில் பிளாஸ்டிக் குழாய்க்குப் பங்குண்டு. ரப்பர்க் கன்றுகள் பிளாஸ்டிக் பைகளில் வளர்ந்துதான் நடவுக்கு வருகின்றன. மருத்துவமனையின் ஊசியும் மோட்டார்சைக்கிளோட்டியின் தலைக்கவசமும் அதனால் ஆனவையே. பத்தாண்டு உழைக்கும் வாளி வேறு. பத்து நிமிடத்தில் எறியப்படும் பை வேறு. நம் கவலை இந்தப் பத்து நிமிடப் பொருளைப் பற்றியது.

பெட்ரோலியம் என்னும் ஒரே தாய்

பால்மரத்தை நம்பி வாழும் நமக்கு இப்பொருளின் வரலாற்றில் தனி அக்கறை இருக்க வேண்டும். பை செய்யப் பயன்படும் பாலித்தீன், 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் பாசெட், கிப்சன் என்னும் இரு வேதியியலாளர்களின் ஆய்வின்போது தற்செயலாகக் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் ரேடார்க் கருவிகளின் மின்கம்பிகளுக்கு உறையாக அது பெரிதும் பயன்பட்டது. அதே போரில் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதால் நம் ரப்பர் அமெரிக்காவுக்குப் போகாமல் நின்றது. அமெரிக்கர்கள் பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பரைப் பேரளவில் உற்பத்தி செய்தார்கள். போருக்குப் பின் நம் இயற்கை ரப்பரின் விலையை நெருக்கிய போட்டியாளன் அதுவே. பையும் செயற்கை ரப்பரும் ஒரு தாய் மக்கள்.

கைப்பிடியுடன் கூடிய இன்றைய கடைப் பையைச் சுவீடன் நாட்டைச் சேர்ந்த துலின் என்பவர் உருவாக்கினார். 1965ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைத் தவிர்க்கவே தம் தந்தை அதைச் செய்தார் என்றும், ஒரு பையை மடித்து எப்போதும் சட்டைப்பையில் வைத்திருந்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார் என்றும் அவர் மகன் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பையைப் படைத்தவரே அதை எறியவில்லை!

1950களிலிருந்து 2015 வரை உலகில் உற்பத்தியான பிளாஸ்டிக் ஏறத்தாழ 830 கோடி டன் என்று 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கணக்கிட்டது. அதுவரை குப்பையாகிப் போனதில் மறுசுழற்சி செய்யப்பட்டது நூற்றுக்கு ஒன்பது பங்கு. எரிக்கப்பட்டது பன்னிரண்டு பங்கு. மீதி எழுபத்தொன்பது பங்கு குப்பை மேடுகளிலும் நிலத்திலும் நீரிலும் கிடக்கிறது.

சுங்கை பட்டாணி பட்ட பாடு

அந்த மீதியில் ஒரு பகுதி நம் மாநிலத்துக்கே கப்பலேறி வந்த கதையைக் கெடா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். உலகின் பிளாஸ்டிக் குப்பையைப் பல ஆண்டுகளாக வாங்கிக்கொண்டிருந்த சீனா, 2018ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கதவை அடைத்தது. பணக்கார நாடுகளின் குப்பைக் கொள்கலன்கள் தென்கிழக்காசியாவை நோக்கித் திரும்பின. அவ்வோராண்டில் மட்டும் மலேசியாவுக்குள் சுமார் 8 இலட்சத்து 70 ஆயிரம் டன் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியானது. உரிமம் இல்லாத ஆலைகள் பல இடங்களில் முளைத்தன. சிலாங்கூரில் ஜெஞ்சாரோம் எப்படியோ, கெடாவில் சுங்கை பட்டாணி அப்படி ஆயிற்று. உருக்கி விற்க முடிந்ததை உருக்கினார்கள்; முடியாததை இரவில் எரித்தார்கள். 2018, 2019ஆம் ஆண்டுகளில் சுங்கை பட்டாணிக் குடியிருப்பாளர்கள் இரவில் சன்னலைத் திறக்க முடியாமல் தவித்து, மனுக் கொடுத்துப் போராடினார்கள். அதிகாரிகள் சோதனை நடத்திச் சட்டவிரோத ஆலைகளை மூடினார்கள்.

அதன்பின் அரசாங்கம் கொள்கலன்களைத் திருப்பியனுப்பத் தொடங்கியது. 150 கொள்கலன்களில் 3,737 டன் கழிவு 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதாக 2020 சனவரியில் அறிவிக்கப்பட்டது. அபாயகரக் கழிவு பற்றிய பாசல் உடன்படிக்கையில் பிளாஸ்டிக் கழிவுக்கான புதிய விதிகள் 2021 சனவரி 1ஆம் நாள் நடப்புக்கு வந்தன. 2025 சூலை 1ஆம் நாள் முதல் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்கு நம் நாடு மேலும் கடுமையான கட்டுப்பாட்டை விதித்துள்ளது.

அயல்நாட்டுக் குப்பையை எரித்தவர்களை எதிர்த்து எழுந்த அதே வட்டாரத்தில்தான், நம் குப்பையை நாமே லயத்துக்குப் பின்னால் எரித்துக்கொண்டிருக்கிறோம். அளவு சிறியது என்பது உண்மை. ஆனால் ஆலையின் புகை சன்னலுக்கு வர ஒரு மைல் கடக்க வேண்டும். நம் புகைக்குப் பத்தடி போதும்.

எரியும்போது நிகழ்வது

வெட்டவெளியில் மூட்டும் தீ போதிய வெப்பம் அடைவதில்லை, காற்றும் போதாது. ஆகையால் பிளாஸ்டிக் முழுமையாக எரியாமல் கரிப்புகையாகவும் நச்சு வாயுக்களாகவும் மாறுகிறது. குறிப்பாகப் பி.வி.சி. எனப்படும் வகை மிகத் தீயது. பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டு, மின்கம்பி உறை, மழைச்சட்டை, மேசை விரிப்பு, போலித்தோல் செருப்பு ஆகியவை பெரும்பாலும் அவ்வகையைச் சேர்ந்தவை. அதில் குளோரின் கலந்திருப்பதால், எரியும்போது அமில ஆவியும் டையாக்சின் என்னும் நஞ்சும் உண்டாகின்றன. டையாக்சின் புகையோடு போய்விடுவதில்லை. சாம்பலிலும் மண்ணிலும் புல்லிலும் படிகிறது. அதை உண்ணும் உயிரின் கொழுப்பில் தங்குகிறது.

இங்கே நம் தோட்டத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எரித்த சாம்பலை அள்ளிக் கீரைப் பாத்திக்கும் கத்தரிச் செடிக்கும் போடுவது நம் வழக்கம். விறகுச் சாம்பலாக இருந்த காலத்தில் அது நல்ல உரம். இன்று அதில் பாதி பிளாஸ்டிக் சாம்பல். நாட்டுக்கோழிகளும் அந்தச் சாம்பல் மேட்டைத்தான் கிளறிக்கொண்டிருக்கின்றன. அத்தகைய இடங்களில் மேயும் கோழிகளின் முட்டையில் டையாக்சின் சேர்வதைப் பல நாடுகளில் கண்டறிந்துள்ளனர். கடை முட்டையைவிடச் சத்துள்ளது என்று பேரனுக்கு அவித்துக் கொடுக்கும் முட்டை அது.

திறந்தவெளியில் குப்பை எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

பால்மங்கும் கொசுவும்

எரிக்காமல் வீசினால் என்னவாகும் என்பதையும் பார்ப்போம். ஏடிஸ் கொசுவுக்குக் குளமோ குட்டையோ தேவையில்லை. கவிழ்ந்து கிடக்கும் நுரைப் பெட்டியின் மூடியில், கடைப் பையின் மடிப்பில், குடித்தெறிந்த கோப்பையில் தேங்கும் மழைநீர் அதற்குப் போதும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். 2019ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கிக் காய்ச்சலுக்கு ஆளாயினர். 182 பேர் மாண்டனர். வெட்டு நின்ற நாள்களில் மங்குகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று தோட்டங்களில் சொல்லப்படுவதன் காரணமும் இதுவே. மரத்தில் மங்கைக் கவிழ்த்துவிட்டு, வாய்க்காலில் கோப்பையை நிமிர்த்திப் போடுவதில் பொருளில்லை.

மற்றொரு தீங்கு, நம் கூலியோடு தொடர்புடையது. மங்கில் உறைந்த கட்டிப்பாலைச் சாக்கிலோ பையிலோ அள்ளிச் செல்லும்போது, பிரிந்த சாக்கு நூலும் பைத் துண்டும் ராபியாக் கயிற்றின் இழையும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. இலையும் மரப்பட்டையும் ஆலையில் நறுக்கிக் கழுவும்போது பெரும்பாலும் பிரிந்துவிடும். பிளாஸ்டிக் இழை பிரிவதில்லை. ரப்பரோடு சேர்ந்து நசுங்கி உள்ளே புகுந்துகொள்கிறது. டயர் செய்யும்போது அந்த இழை இருக்கும் இடம் ஒட்டாமல் பலவீனமாகிறது. எஸ்.எம்.ஆர். தரமுறை 1965இல் தொடங்கிய நாள் முதல் மலேசிய ரப்பருக்கு அழுக்கின் அளவை வைத்தே தரம் பிரிக்கப்படுகிறது, எஸ்.எம்.ஆர். 20 என்னும் தரத்துக்கு அழுக்கு 0.16 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கட்டிப்பாலை ஏந்தும் சாக்கு நைந்துபோனால் அதை மாற்றுங்கள். வெட்டுக்காட்டில் பசியாறிய பையை நிரையில் போட்டுவிட்டு வராதீர்கள். சொந்தமாகச் சில ஏக்கர் ரப்பர் வைத்திருப்போருக்கு, வாங்குபவர் அழுக்கைக் காட்டி விலையைக் குறைக்கும்போது இதன் அருமை புரியும்.

எது விலை போகும், எது போகாது

"மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடலாமே" என்று சிலர் கேட்பர். பழைய சாமான் வாங்குவோர் எதை எடுக்கிறார்கள் என்று கவனித்தால் விடை கிடைக்கும். பொருளின் அடிப்புறத்தில் முக்கோணத்துக்குள் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். 1 என்பது தண்ணீர், குளிர்பான போத்தல்; 2 என்பது சலவைத் திரவம், ஷாம்பு முதலியவற்றின் கெட்டியான போத்தல். இவ்விரண்டும் விலை போகும். 5 எனக் குறித்த டப்பாக்களைச் சிலர் எடுப்பர். 4ஆம் எண் மெல்லிய பை, அழுக்கும் எண்ணெயும் பட்டிருந்தால் எவரும் தொடுவதில்லை. 6ஆம் எண் நுரைப் பெட்டி, காற்றையே பெரும்பகுதியாகக் கொண்டது. ஒரு லாரி நிறைய ஏற்றினாலும் எடை வராது. காப்பித் தூள் உறையிலும் மீ பொட்டலத்திலும் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் படலம் படலமாக ஒட்டப்பட்டிருப்பதால் பிரிக்க வழியில்லை.

அதாவது, பாட்டியின் குவியலில் எண்ணிக்கையில் மிகுந்திருந்தவை அனைத்தும் எவரும் வாங்காத வகைகள். அவற்றுக்கு வீட்டு வாசலிலேயே தடை போடுவதன்றி வேறு வழியில்லை. தரம்பிரிப்பதும் சேர்ப்பதும் அதற்குப் பின்னர் வருபவை.

கெடாவில் 2011 செப்டம்பர் முதல் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் நடப்பில் உள்ளது. அதன்கீழ் 2015 செப்டம்பர் முதல் குப்பையை வீட்டிலேயே பிரித்து வைக்க வேண்டும். சுங்கை பட்டாணி, பீடோங், லூனாஸ் போன்ற ஊர்களின் தாமான்களில் குடியேறிவிட்ட நம்மவர்களின் வாசலுக்கு லாரி வருகிறது. தோட்டம் தனியார் நிலமாதலால் பல தோட்டங்களில் அந்த லாரி உட்சாலைக்குள் வருவதில்லை. தோட்டத்துக் குடியிருப்பின் துப்புரவும் குப்பை அகற்றுவதும் நிர்வாகத்தின் கடமை. டிராக்டர் ஒழுங்காக வராவிட்டால் தலைவர் வழியாக நிர்வாகத்திடம் எடுத்துரைக்க உங்களுக்கு உரிமை உண்டு. எல்லாப் பொறுப்பையும் இல்லத்தரசியின் தலையில் சுமத்துவது முறையாகாது.

எங்கே தொடங்குவது

என் கருத்தில், தொடங்க வேண்டிய இடம் பையன்று, ஈரக் கழிவு. இது பலருக்கு வியப்பாக இருக்கலாம். குப்பைக்குப் பை தேவைப்படுவது எதனால்? மீன் செதிலும் சோறும் நாறுவதால்தான். நாயும் காக்கையும் பையைக் கிழிப்பதும் அதனால்தான். 'எரித்தாலாவது நாற்றம் போகும்' என்னும் எண்ணம் எழுவதும் அதனால்தான். ஈரக் கழிவை மட்டும் பிரித்துவிட்டால் எஞ்சும் பிளாஸ்டிக் காய்ந்து, நாற்றமின்றி, ஒரு பழைய அரிசிச் சாக்கில் டிராக்டர் வரும் நாள்வரை காத்திருக்கும்.

லயத்துக்குப் பின்புறம் முழங்கால் ஆழமும் இரண்டு முழ அகலமும் கொண்ட குழியொன்றை வெட்டுங்கள். நீர் தேங்காத மேடான இடமாக இருக்கட்டும். அன்றாடக் காய்கறித் தோல், சோறு, மீன் கழிவு ஆகியவற்றைப் போட்டவுடன், அவை மறையும்படி ஒரு மண்வெட்டி மண்ணோ காய்ந்த ரப்பர் இலையோ மேலே தூவ வேண்டும். மூடாவிட்டால் ஈ மொய்க்கும், நாய் தோண்டும். மேலே ஒரு பழைய தகரத்தைக் கல் வைத்து மூடினால் இன்னும் நல்லது. குழி நிரம்பியதும் பக்கத்தில் அடுத்ததை வெட்டுங்கள். நம் நாட்டு வெப்பத்திலும் மழையிலும் இரண்டு மூன்று மாதங்களில் முதற்குழி கரிய மண்ணாகிவிடும். கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் அதைவிடச் சிறந்த உரமில்லை. சாம்பலை நாட வேண்டியதில்லை.

அடுத்தது கடைப் பை. இப்போது பல கடைகளில் பைக்கு 20 காசு வாங்குகிறார்கள். அண்டை மாநிலமான பினாங்கு 2009இல் திங்கட்கிழமைகளில் இலவசப் பையை நிறுத்தித் தொடங்கி, 2011 முதல் எல்லா நாளும் 20 காசு என்றாக்கியது. பின்னர் ஒரு வெள்ளியாகவும் உயர்த்தியது. தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டம் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே பைகளைத் தடை செய்தது. தமிழ்நாடு முழுவதும் 2019 சனவரி முதல் பதினான்கு வகைப் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 இறுதியில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கமும் தொடங்கியது. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சள் பை நம் வீடுகளிலும் இல்லாமற்போகவில்லை. அலமாரியின் அடியில் மடிந்து கிடக்கிறது. வாரத்துக்குப் பத்துப் பை, பைக்கு 20 காசு என்றால் ஆண்டுக்கு 104 வெள்ளி. ஒரு பிள்ளையின் பள்ளிக் காலணியும் புத்தகப் பையும் அந்தக் காசில் அடங்கும். மறதிதான் பெரும் பகை. ஆகவே துணிப்பையை அலமாரியிலிருந்து எடுத்து மோட்டார்சைக்கிளின் இருக்கைக்குக் கீழே வைத்துவிடுங்கள். வீட்டில் பத்துப் பை இருந்தும் கடை வாசலில் ஒன்றும் இல்லாத நிலை அதனால் நீங்கும்.

கட்டி வாங்கும் கறிக்கும் தேநீருக்கும் தூக்குச் சட்டியை எடுத்துச் செல்ல வெட்கப்படுவோர் உண்டு. கொதிக்கும் கறியில் எண்ணெயும் காரமும் புளியும் உள்ளன. அவை மெல்லிய பையிலுள்ள இரசாயனங்களை இளக்கி இழுக்க வல்லவை. எவர்சில்வர் சட்டியில் அந்தக் கவலை இல்லை. தோட்டத்துப் பையன்களைச் சட்டியோடு கண்ட ஒரு கடைக்காரர், "பை விலை மிச்சம்" என்று ஓர் அகப்பை கறி கூடுதலாக ஊற்றியதை நானே பார்த்திருக்கிறேன். எல்லாக் கடைக்காரரும் அப்படிச் செய்வார்கள் என்று உறுதி கூற இயலாது!

கோயில் திருவிழாக்களைப் பற்றியும் ஒரு சொல். சித்ரா பௌர்ணமிக்கும் தைப்பூசத்துக்கும் தண்ணீர்ப் பந்தல் வைப்பது நம் பெருமைக்குரிய அறம். மறுநாள் காலையில் அந்தப் பாதையில் நடந்து பார்த்தால் கோப்பைகள் கணுக்கால் அளவு கிடக்கின்றன. எவர்சில்வர்க் குவளைகளும் கழுவ இரண்டு தொட்டிகளும் வைத்தால், தொண்டர்களுக்கு வேலை கூடும் என்பது உண்மையே. அன்னதானத்துக்கு வாழை இலை நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது நுரைத் தட்டை நாடுவதற்கு மட்டும் எந்தக் காரணமும் எனக்குப் புலப்படவில்லை.

சிலவற்றை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. மானிய எண்ணெய்ப் பொட்டலம் கிலோ 2 வெள்ளி 50 காசு. போத்தல் எண்ணெய் அதைவிடப் பன்மடங்கு விலை. நாள் சம்பளக்காரரிடம் போத்தலில் வாங்குங்கள் என்பது அறிவுரையாகாது. வெறும் பொட்டலத்தைக் கவிழ்த்து எண்ணெயை வடியவிட்டு, காய்ந்த சாக்கில் போட்டால் போதும். காப்பித் தூளையும் சலவைத் தூளையும் சிறு உறைகளில் வாங்குவதோ, கையிருப்புக் குறைவினால் வரும் பழக்கம். ஆயினும் கணக்கிட்டால் கிராமுக்குக் கிராம் அதுவே அதிக விலை. சம்பள நாளில் இரண்டு வீடுகள் சேர்ந்து ஒரு பெரிய பொட்டலம் வாங்கிப் பகிர்ந்துகொண்டால் காசும் மிஞ்சும், உறையும் குறையும். விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டுக்குப் போகும் தாயிடம் இடைக்கச்சையை விட்டுத் துணிக்கு மாறு என்று சொல்ல, துணி துவைத்தறியாத ஆண்களாகிய நமக்குத் தகுதி இல்லை. பகலில் வீட்டிலிருக்கும் நேரத்திலாவது துணி கட்ட முடிந்தால் நன்று. பயன்படுத்திய கச்சையை ஆற்றில் வீசுவது மட்டும் கூடவே கூடாது. மூடா ஆற்றில் போகும் அழுக்கு வேறெங்கும் போவதில்லை. கெடா, பினாங்கு மக்கள் அருந்தும் நீர் அந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

கூலிம் தோட்டத்துப் பாட்டியைச் சென்ற மாதம் மீண்டும் பார்த்தேன். அவர் மருமகன் வெட்டிய குழி நிரம்பி, இரண்டாவது குழி பாதியாகியிருந்தது. முதற்குழியின் மேல் ஒரு வாழைக்கன்று நின்றது. வெளித்தாழ்வாரத்தின் மூலையில் அரிசிச் சாக்கு ஒன்று கட்டப்பட்டு, அதில் உறைகளும் எண்ணெய்ப் பொட்டலங்களும் காய்ந்து கிடந்தன. கடைப் பைகளை எண்ணினேன், ஐந்து இருந்தன. "ரெண்டு வாரமா டிராக்டர் வரலய்யா. சாக்கு நெறஞ்சிருச்சின்னா மறுபடி நெருப்புத்தான் வைப்பேன், சொல்லிட்டேன்" என்றார் பாட்டி. தோட்ட அலுவலகத்துக்கு அவரும் லயத்துப் பெண்கள் எண்மரும் கையொப்பமிட்ட கடிதத்தை அன்று மாலை எழுதிக் கொடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை டிராக்டர் வந்ததாகத் தொலைபேசியில் சொன்னார்கள்.